யூஸ் கேஸ் டயக்ராம் போட எந்த டூல்? மாங்காய் மண்டி வேலையில் போட்டுப் பார்த்ததை வைத்து

போன வருடம் மாங்காய் சீசன் தொடங்கும் முன்பு கிருஷ்ணகிரியில் ஒரு மண்டிக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் வேலை வந்தது. அதே வாரம் பி.இ. படிக்கும் என் சித்தி மகன் தர்மபுரியிலிருந்து போன் செய்து, "அண்ணா, லேப்ல யூஸ் கேஸ் டயக்ராம் போடணும், எதுல போடறதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நீங்க எதுல போடுவீங்க?" என்று கேட்டான். எனக்கும் அவனுக்கும் வேண்டியது ஒரே வகைப் படம்தான்: ஒரு சாஃப்ட்வேரை யார் யார், எந்தெந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் படம். ஆனாலும் நான் பயன்படுத்துவதை அவனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான், இந்த டூல்களை எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதே எனக்குத் தெளிவானது: படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், அது இன்னும் எத்தனை தடவை மாறப் போகிறது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி டூல்கள் தானாகவே விலகிவிடும்.

படத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். ஈவார் ஜேக்கப்சன் என்ற சுவீடன் நாட்டுக்காரர் எரிக்சன் கம்பெனியில் டெலிபோன் சிஸ்டம் வேலை பார்த்த காலத்தில் உருவான யோசனை இது. 1987-ல் மாநாட்டுக் கட்டுரையாக வந்தது, 1997-ல் ஓஎம்ஜி என்ற தர நிர்ணய அமைப்பு யூஎம்எல்-ஐ (சாஃப்ட்வேர் படங்களுக்கான பொதுக் குறியீட்டு முறை) ஏற்றுக்கொண்டபோது அதில் ஒரு பகுதியாக நிலைத்தது. குச்சி மனிதன் ஆக்டர், முட்டை வடிவம் அவர் செய்து முடிக்க நினைக்கிற வேலை, சுற்றி வரும் பெட்டி சிஸ்டத்தின் எல்லை. ஆக்டர் பெட்டிக்கு வெளியே, வேலைகள் உள்ளே. எது முதலில் எது அடுத்தது என்ற வரிசை இதில் கிடையாது, அதற்கு வேறு படங்கள் இருக்கின்றன. இதை மறந்துவிட்டு ஃப்ளோசார்ட் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக அம்பு போட்டுக்கொண்டு போகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

மண்டிக் கதையைச் சொன்னால்தான் டூல் கதை புரியும். சீசனில் விவசாயி டிராக்டரில் பெங்களூரா ரக மாங்காய் லோடு கொண்டு வருவார். எடை மேடையில் வண்டி ஏறும், காலி வண்டி எடை கழிக்கப்படும், எடைச்சீட்டு வரும். அன்றைய விலையைப் போட்டு, கமிஷன், இறக்குகூலி கழித்துக் கணக்குப்பிள்ளை பட்டியல் (பில்) போடுவார். பூ எடுக்கும் காலத்திலேயே சில விவசாயிகள் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் அந்தப் பணம் பட்டியலில் கழியும். சேர்ந்த சரக்கு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும். இதில் யார் ஆக்டர்? என் முதல் படத்தில் விவசாயியைத்தான் பெரிதாகப் போட்டேன். ஆனால் அவர் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை, தொடுகிறவர் கணக்குப்பிள்ளை. பட்டியல் தொகை விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போக வேண்டும் என்று பிறகு முடிவானது, அப்போதுதான் அவர் சிஸ்டத்தோடு தொடர்புள்ள ஆக்டராகப் படத்தில் வந்தார், அதுவும் பெட்டிக்கு வெளியே வலது ஓரத்தில். எடை மேடையின் மெஷினும் ஒரு ஆக்டர்தான், அது சிஸ்டத்துக்கு வெளியே இருந்து எடையை அனுப்புகிறது. ஆக்டர் என்றால் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

அப்புறம் ஒரு வேலையை இன்னொரு வேலையோடு இணைக்கும் இரண்டு புள்ளிக்கோட்டு அம்புகள். பட்டியல் போட எடை கட்டாயம் வேண்டும், அதனால் "பட்டியல் போடு" என்பதிலிருந்து "எடை பதிவு செய்" என்பதற்கு இன்க்லூட் அம்பு. முன்பணம் கழிப்பது சிலருக்கு மட்டும், அதனால் "முன்பணம் கழி" என்பதிலிருந்து "பட்டியல் போடு" என்பதற்கு எக்ஸ்டெண்ட் அம்பு. இரண்டும் எதிரெதிர்த் திசை. தடுமாறும்போது நான் இப்படி நினைவில் வைத்துக்கொள்கிறேன்: யார் யாரைப் பற்றித் தெரிந்து வைத்திருக்க வேண்டுமோ, அம்பு தெரிந்தவரிடமிருந்து கிளம்பும். பட்டியலுக்கு எடை தெரிய வேண்டும். முன்பணத்துக்குப் பட்டியல் தெரிய வேண்டும், ஆனால் பட்டியலுக்கு முன்பணம் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

இந்தப் படம் மூன்று மாதத்தில் பதினோரு தடவை மாறியது. ஒரு நாள் காலிப் பெட்டிக் கணக்கு சேர்ந்தது, இன்னொரு நாள் ஃபேக்டரிக்குப் போன லோடு தரம் சரியில்லை என்று திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. டூலின் அருமை முதல் படத்தில் தெரியாது, எட்டாவது ஒன்பதாவது திருத்தத்தில்தான் தெரியும்.

முதலில் டிரா.ஐஓ-வில் ஆரம்பித்தேன். டயக்ராம்ஸ்.நெட் என்ற பெயரிலும் இருப்பது இதுதான். காசு கிடையாது, பெயர் பதிவு கூட வேண்டாம், பிரவுசரைத் திறந்ததும் வரையலாம். இடது பக்கம் யூஎம்எல் பகுதியில் ஆக்டரும் முட்டையும் பெட்டியும் தயாராக இருக்கும், இழுத்துப் போட வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும் டெஸ்க்டாப் வடிவமும் உண்டு, அது நெட் இல்லாமலே வேலை செய்யும். நம்ம பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் மலைச்சாலையில் போனால் சிக்னல் வரும், போகும். தமிழ் எழுத்தும் சிக்கல் இல்லாமல் வருகிறது, ஏனென்றால் பிரவுசர் எப்படி எழுத்தைக் காட்டுகிறதோ அப்படியேதான் இதுவும் காட்டுகிறது. பலர் கவனிக்காத ஒரு வசதி: பிஎன்ஜி படமாக எடுக்கும்போது டயக்ராமின் பிரதியையும் அந்தப் படத்துக்குள்ளேயே வைக்கச் சொல்லி ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் அதே பிஎன்ஜி ஃபைலைத் திரும்ப டிரா.ஐஓ-வில் திறந்து திருத்தலாம். மூல ஃபைல் எங்கே போனது என்று தேடும் வேலை மிச்சம். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு உள்ளே இருந்த பிரதி போய்விடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

குறை எங்கே என்றால், இது படத்தைத்தான் அறியும், அதன் பொருளை அறியாது. "கணக்குப்பிள்ளை" என்பதை "பில் போடுபவர்" என்று மாற்றினால் அந்த ஒரு குச்சி மனிதனின் பெயர்தான் மாறும், வேறு பக்கத்தில் இருக்கும் அதே ஆள் பழைய பெயரோடு அப்படியே நிற்பார். ஒரு முட்டையை நடுவில் நுழைக்க மற்ற எல்லாவற்றையும் கையால் நகர்த்த வேண்டும். எக்ஸ்டெண்ட் அம்பைத் திருப்பிப் போட்டாலும் அது ஒன்றும் சொல்லாது. ஆறாவது திருத்தத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. வரைந்ததை விட நகர்த்திய நேரம்தான் அதிகம்.

அங்கிருந்து பிளான்ட்யூஎம்எல்-க்குப் போனேன், இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். அர்னோ ரோக் என்பவர் 2009-ல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் டூல். இதில் நாம் வரைவதில்லை, எழுதுகிறோம், அது படமாக்குகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு ஆங்கிலக் கட்டளை இருக்கிறது, அவற்றுக்கு நடுவே பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். முக்காற்புள்ளிக்கு நடுவில் எழுதினால் ஆக்டர், வளைந்த அடைப்புக்குள் எழுதினால் யூஸ் கேஸ். மண்டிப் படத்தின் சாரம் இவ்வளவுதான்:

:கணக்குப்பிள்ளை: --> (பட்டியல் போடு)
(பட்டியல் போடு) ..> (எடை பதிவு செய்) : இன்க்லூட்
(முன்பணம் கழி) ..> (பட்டியல் போடு) : எக்ஸ்டெண்ட்
(எடை பதிவு செய்) <-- :எடை மேடை:

நான்கு வரி. புதிதாக ஒரு வேலை சேர்ந்தால் ஒரு வரி சேரும், எல்லாவற்றையும் அதுவே மறுபடி அடுக்கிக்கொள்ளும். எழுத்து ஃபைல் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற டூலில் போட்டு வைத்தேன், எந்தத் தேதியில் எந்த வரி சேர்ந்தது, எது போனது என்று பளிச்சென்று தெரிகிறது. மண்டிக்காரர் ஒரு நாள், "தம்பி, காலிப் பெட்டிக் கணக்கு முதல்லயே சொன்னேனே" என்றார். திறந்து பார்த்தோம், இரண்டாவது சந்திப்புக்குப் பிறகுதான் அந்த வரி சேர்ந்திருந்தது. சண்டைக்காகச் சொல்லவில்லை, எந்த வேலை எப்போது ஒப்புக்கொண்டது என்று இரண்டு பேருக்கும் தெளிவாக இருந்தால் காசு பேசும்போது மனக்கசப்பு வராது.

இதில் இருக்கும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் மாட்டிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ஜாவா வேண்டும். வேலைகளின் வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் டயக்ராமுக்கு ஜாவா மட்டும் போதும், ஆனால் யூஸ் கேஸ் டயக்ராமை அடுக்குவதற்கு கிராஃப்விஸ் என்ற இன்னொரு புரோகிராமும் கூட வேண்டும். அது வேண்டாம் என்றால் ஸ்மெட்டானா என்று பிளான்ட்யூஎம்எல்-க்கு உள்ளேயே இருக்கும் கிராஃப்விஸின் ஜாவா வடிவத்தைப் பயன்படுத்தச் சொல்லி ஃபைலின் தலையில் ஒரு வரி எழுதலாம். அடுத்தது தமிழ். ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும், படம் தயாராகும் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். என் லேப்டாப்பில் அழகாக வந்த படம், நான் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் கட்டம் கட்டமாக வந்தது. அங்கே தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டு, ஃபைலிலும் அதன் பெயரைக் குறிப்பிட்ட பிறகு சரியானது. விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கும், அதைக் குறிப்பிட்டாலும் போதும். படத்தை எஸ்விஜி வடிவ ஃபைலாக எடுத்தால் இன்னொரு கவனம் வேண்டும்: எழுத்தின் அகலத்தை அது முன்கூட்டியே அளந்து எழுதி வைக்கிறது, பார்ப்பவர் கம்ப்யூட்டரில் வேறு எழுத்துரு இருந்தால் தமிழ் எழுத்துகள் இடைவெளி விட்டு இழுபட்டுத் தெரியும். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது பிஎன்ஜி-யே நல்லது.

அடுக்கும் விதமும் நம் கையில் முழுதாக இல்லை. ஆக்டர்கள் இடது பக்கம் நிற்க வேண்டும் என்றால் இடமிருந்து வலம் என்ற கட்டளையை முதலில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் மேலே வரிசையாக நின்று படம் அகலமாகப் போய்விடும். அந்தக் கட்டளையைக் கொடுத்ததும் அம்புகளின் மேல் கீழ், இடது வலது எல்லாம் ஒரு சுற்றுத் திரும்பிவிடும், முதல் தடவை குழம்பத்தான் செய்யும். பன்னிரண்டு பதினைந்து யூஸ் கேஸைத் தாண்டினால் கோடுகள் பின்னிக்கொள்ளும். நான் அப்போது படத்தை இரண்டாக உடைத்துவிடுகிறேன், கொள்முதல் ஒரு படம், ஃபேக்டரிக்கு அனுப்புவது ஒரு படம். அப்படி உடைத்ததுதான் மண்டிக்காரருக்கும் படிக்க வசதியாக இருந்தது.

இன்ஸ்டால் செய்ய முடியாதவர்கள் ஆன்லைன் சர்வரில் ஒட்டிப் படம் எடுக்கிறார்கள். பழகுவதற்குச் சரி. ஆனால் நீங்கள் எழுதியது முழுவதும் சுருக்கப்பட்டு அந்த இணைப்பு முகவரிக்குள்ளேயே உட்காருகிறது. முகவரி யாரிடம் இருக்கிறதோ அவர் உங்கள் படத்தையும் திரும்ப எடுக்கலாம். வாடிக்கையாளரின் உள் விவகாரம் இருக்கும் படத்தை அப்படிச் செய்ய வேண்டாம், பிளான்ட்யூஎம்எல்-லின் ஜாவா ஃபைலை இறக்கி உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுங்கள். விஎஸ் கோட் எடிட்டரில் அதற்கான நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது, எழுத எழுத பக்கத்தில் படம் மாறும்.

இனி தம்பி விஷயம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஓஓஏடி (ஆப்ஜெக்ட் ஓரியண்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன்) லேப் படித்தவர்களுக்கு பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டனன்ஸ் என்ற வரிசை மனப்பாடமாக இருக்கும். அங்கே யூஸ் கேஸோடு வேலை முடியாது. அதே புரோஜெக்டுக்கு கிளாஸ், சீக்வென்ஸ், ஆக்டிவிட்டி, டிப்ளாய்மென்ட் என்று மற்ற யூஎம்எல் படங்கள் அத்தனையும் வேண்டும், எல்லாப் படத்திலும் பெயர்கள் ஒத்துப்போக வேண்டும். இதற்கு ஸ்டார்யூஎம்எல் பொருத்தம். அது படத்துக்குப் பின்னால் ஒரு மாடலை வைத்திருக்கிறது, ஆக்டரின் பெயரை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறும். அதனால்தான் அதில் அழிப்பது இரண்டு விதம், படத்திலிருந்து மட்டும் எடுப்பது ஒன்று, மாடலிலிருந்தே எடுப்பது ஒன்று. படத்திலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, போய்விட்டார் என்று நினைத்த ஆக்டர் மாடலில் இன்னும் உட்கார்ந்திருப்பார், வைவாவில் கேள்வியே அங்கிருந்து வரலாம். காசு கட்டாமல் பயன்படுத்திப் பார்க்கலாம், ஆனால் எடுக்கும் படத்தின் மேல் பதிவு செய்யவில்லை என்ற வாட்டர்மார்க் விழும். ரெக்கார்டு நோட்டில் ஒட்ட அது பரவாயில்லை என்று உங்கள் மேடமோ சாரோ சொன்னால் தாராளமாகப் போங்கள், கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. விஷுவல் பாரடைமின் கம்யூனிட்டி எடிஷனும் இதே மாதிரிதான், வணிகம் அல்லாத வேலைக்கு இலவசம், அதிலும் வாட்டர்மார்க் உண்டு. இன்னும் கொஞ்சம் கனமான சாஃப்ட்வேர் அது, பழைய லேப் கம்ப்யூட்டரில் திறக்க நேரம் எடுக்கும். பழைய மேனுவல்களில் ரேஷனல் ரோஸ், ஆர்கோயூஎம்எல் என்று இருந்தால் அதைத் தேடி இன்ஸ்டால் செய்து நேரத்தைக் கொடுக்க வேண்டாம், அதே பாடத்தை ஸ்டார்யூஎம்எல்-லில் செய்யலாம்.

லூசிட்சார்ட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பார்க்க மிக அழகு, நாலு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து திருத்துவதற்கு அருமை. பெங்களூரு கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஓசூர் நண்பர்கள் கம்பெனிக் கணக்கில் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்குச் சரி. தனி ஆளுக்கு இலவசக் கணக்கில் திருத்தக்கூடிய ஆவணங்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, நெட்டும் எப்போதும் வேண்டும். மெர்மெய்ட் என்பதும் பிளான்ட்யூஎம்எல் மாதிரி எழுத்திலிருந்து படமாக்குவது, 2022 முதல் கோட் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் அதை நேராகப் படமாகக் காட்டுகிறது என்பதால் பலருக்கும் பழக்கம். ஆனால் யூஸ் கேஸுக்கு அதில் ஃப்ளோசார்ட்டை வளைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது, குச்சி மனிதன் இல்லாமல் பெட்டிகளாக நிற்கும் படத்தை மண்டியில் காட்டினால் யார் ஆள், யார் வேலை என்றே தெரியாது.

இப்போது எல்லாரும் கேட்பது ஏஐ. நாலு வரி தமிழில் சொன்னால் பிளான்ட்யூஎம்எல் எழுத்தாகவே கொடுத்துவிடுகிறது, நானும் கேட்டுப் பார்த்தேன். வேகம் உண்மை, அரை நிமிடத்தில் படம். ஆனால் வந்த படத்தில் "லாகின்" ஒரு யூஸ் கேஸாக நடுவில் உட்கார்ந்து எல்லாரிடமிருந்தும் கோடு வாங்கிக்கொண்டிருந்தது, டேட்டாபேஸ் ஒரு ஆக்டராக வெளியே நின்றது, முன்பணத்தின் எக்ஸ்டெண்ட் அம்பு தலைகீழாக இருந்தது. லாகின் செய்வதற்காக யாரும் மண்டிக்கு வருவதில்லை. டேட்டாபேஸ் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் பாகம், அது வெளியாள் ஆகாது. இவற்றையெல்லாம் விட என்னைக் கவலைப்பட வைத்தது வேறு: நான் சொல்லவே இல்லாத "ஆன்லைனில் பணம் செலுத்து" என்ற வேலையை அதுவே சேர்த்திருந்தது. அந்த மண்டியில் பட்டுவாடா கையில்தான் நடக்கிறது. அந்தப் படத்தை அப்படியே காட்டி, அவரும் தலையாட்டியிருந்தால் இல்லாத ஒரு வேலையை நான் எழுதியிருப்பேன், இருக்கும் காலிப் பெட்டிக் கணக்கு விடுபட்டிருக்கும். அதனால் ஆக்டர் பட்டியலையும் வேலைப் பட்டியலையும் மண்டியில் உட்கார்ந்து நோட்டில் நானே எழுதிக்கொள்கிறேன். அதை பிளான்ட்யூஎம்எல் வடிவத்துக்கு மாற்றித் தர மட்டும் ஏஐ-யைக் கேட்கிறேன், ஒவ்வொரு அம்பையும் திரும்பச் சரிபார்க்கிறேன். அந்த அளவுக்கு அது நல்ல உதவிதான்.

கடைசியில் தம்பிக்கு ஸ்டார்யூஎம்எல் சொன்னேன், ஒரே ஒரு படம் அவசரமாக வேண்டும் என்று கேட்ட அவன் நண்பனுக்கு டிரா.ஐஓ சொன்னேன். மண்டிக்காரருக்கு பிளான்ட்யூஎம்எல் படத்தை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் பெயர்களை ஆங்கிலத்தில் போட்டிருந்தபோது அவர் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். தமிழில் போட்ட தாளை மேஜையில் விரித்து, கணக்குப்பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒவ்வொரு முட்டையாக விரல் வைத்துப் படித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கணக்குப்பிள்ளை, "லோடு பாதி பழுத்துப்போயிருந்தா கழிவு போடுவோமே, அது எங்க இருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து "கழிவு போடு" என்று ஒரு வரி சேர்த்தேன், எல்லா லோடுக்கும் கிடையாது என்பதால் பட்டியலை நோக்கி எக்ஸ்டெண்ட். பதினோரு திருத்தத்தில் அது ஏழாவது.

அடுத்த மாதம் பாலக்கோட்டில் தக்காளி மண்டி ஒன்றில் பேச்சு இருக்கிறது. அங்கே எடை மேடை இல்லை, கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) எண்ணிக்கைக் கணக்கு, ஏலம் வேறு. பழைய ஃபைலை நகல் எடுத்து எடை மேடை வரியை நீக்கி வைத்திருக்கிறேன். ஏலம் கூறுபவர் ஆக்டரா, இல்லை அவர் சொல்லும் விலையைப் பதிகிறவர்தான் ஆக்டரா என்பதை அங்கே போய் ஒரு நாள் காலை நின்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.